சனிக்கிழமை எக்ஸ்பிரஸும் ஹேஸல் ஆன்ட்டியின் கால்களும்

கரட்டூர் ஜங்ஷனில் ரயில்கள் பாட்டுக் கேட்டு ஓடத் தொடங்கிய சாயங்காலம் மழையும் இல்லை, கிரகணமும் இல்லை. சனிக்கிழமை என்பதால், ஆங்கிலோ இந்தியர்கள் இருக்கும் ரயில்வே காலனியின் இன்ஸ்டிட்யூட் ஹாலில், நடனத்துக்கென்றே யாரோ ஒரு காலத்தில் போட்டுவைத்த தேக்குத் தரையில், வழுக்கிக்கொண்டு ஆட வசதியாக முகப்பவுடரைத் தூவிவிட்டு, கோயில் கொடைக்குப் போகும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு வாங்கிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் என் மடிக்கணினியைச் சொருகி, பெரிய பேண்டு ஒன்றின் ஸ்விங் பாட்டைப் போட்டேன். வேகமும் இல்லாத, சோம்பலும் இல்லாத பாட்டு. சாக்ஸபோன்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடந்து வரும், பின்னால் ட்ரம்பெட்டுகள் கிண்டல் பண்ணும். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் தடதடப்பு அந்தத் தாளத்தில் வந்து உட்கார்ந்தது. அடுத்த பாட்டு மெதுவான பாட்டு. கூட்ஸும் மெதுவானது. பாட்டு நின்றதும், மூச்சு வாங்கும் ஆள் மாதிரி, ஹாலின் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தது.

அப்போது ஹேஸல் ஆன்ட்டி கேட் கீப்பர் சோலையப்பனோடு ஆடிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய கால்கள், ஆனால் காலனியில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"பாத்தியா மென், கூட்ஸ் வண்டிக்குக்கூடத் தாளம் பிடிபடுது. உனக்குத்தான் இன்னும் வரல."

"அதுக்கு நானூறு சக்கரம் இருக்கு ஆன்ட்டி. எனக்கு ரெண்டு காலுதான" என்றார் சோலையப்பன்.

ஆச்சரியம் அதோடு தீர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சங்கரலிங்கம் ஹாலின் டெலிபோனுக்குக் கூப்பிட்டு, சிக்னல் விவரம் கேட்கும் அதே குரலில், "மேடம், இப்ப ஓடுற பாட்டு முடிய இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றேன். "அடுத்தது கொஞ்சம் விறுவிறுப்பா இருந்தா நல்லாருக்கும். லூப் லைன்ல பாசஞ்சர் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். போட்டேன். பாசஞ்சர் போனது.

நான் மெல்போர்னில் பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று, வார இறுதிகளில் ஸ்விங் ஆடுகிறவர்களுக்குப் பாட்டுத் தேர்ந்து போட்டுப் பல வருஷம் கழித்து, இனி ஊரில் இருப்போம் என்று வந்தவள். பாட்டுத் தேர்வது வெளியிலிருந்து பார்க்கச் சும்மா பொத்தானை அமுக்குகிற வேலை. உண்மையில் அது தரையைப் பார்க்கிற வேலை. எனக்குப் பிடித்த பாட்டை எனக்காகப் போடக்கூடாது. வாசலில் கூச்சப்பட்டு நிற்கிறவர் காலை எங்கே வைப்பது என்று தடுமாறாதபடி தொடக்கத்திலேயே தாளம் தெளிவாக விழவேண்டும். பாட்டு நீளக்கூடாது, ஏனென்றால் ஜோடி பிடிக்காமல் போனாலும் பாட்டு முடிகிறவரை கையை விடக்கூடாது என்பது மரியாதை. இரண்டு பாட்டு வேகமாகப் போனால் மூன்றாவது மூச்சுக்கு. ட்ரம்பெட்காரன் தனியாக நின்று ஐந்து நிமிஷம் தன் வித்தையைக் காட்டுகிற பாட்டு வீட்டில் நாற்காலியில் சாய்ந்து கேட்பதற்கு. ஆடுகிறவர்களுக்கு அது நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பாலத்திலிருந்து, ஊருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் திரும்பும் கரட்டு வளைவு வரைக்கும் போகிற அத்தனை வண்டிகளையும் சேர்த்துப் பார்க்க யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மற்ற நாளெல்லாம் வண்டிகள் பழையபடி ஓடின, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பாட்டுக் கேட்டன. ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது, பழகியதும் விண்ணப்பிக்கத் தொடங்கியது. மதுரைக்குச் சினிமா பார்க்கப் போகும் கல்லூரிப் பையன்கள் வேகமாகப் போடச் சொன்னார்கள். பெண்பார்க்க வருகிறவர்களை எதிர்பார்த்த வீட்டில், பலகாரம் இன்னும் வேகவில்லை, ஒரு மெதுவான பாட்டு வேண்டும் என்றார்கள். பாதிரியார் பூசைக்கு நடுவே கூட்ஸ் கூச்சல் போடாமல் இருக்க, தாலாட்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். கேட்டில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் இறங்கி ஹாலுக்கே வந்து, "இது முடிஞ்சதும் எங்களுக்கொண்ணு" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு சுற்று ஆடிவிட்டும் போனார்கள். காலனிக்காரர்களின் ஆட்டமாக இருந்தது ஊர் ஆட்டமானது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினார்கள், பாதமெல்லாம் பவுடர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் காலையில் ஊரின் பாதி முற்றங்களில் வெள்ளைக் கால்தடங்கள் இருந்தன.

கடைசியில் ஜெயித்தது பஞ்சவர்ணம். பிளாட்பாரத்தில் உளுந்தவடை விற்கிறவர். அவர் ஒரு ஆள் சத்தம் போட்டால் முழு பிளாட்பாரமும் சேர்ந்து சத்தம் போடும்.

"மெதுவாப் போடு தாயி. வண்டி அன்ன நடையா வந்தாத்தான் நான் சன்னலுக்குச் சன்னல் எட்டிக் குடுக்க முடியும். நீ வேகத்தப் போட்டா இந்தச் சன்னல்ல வடையக் குடுத்துட்டு சில்லறைய நாலாவது பெட்டியில வாங்க வேண்டியிருக்கு."

மெதுவான பாட்டு ஓடினால் பிளாட்பாரத்தில் நிற்கிற வண்டிக்கும் ஒரு மயக்கம். சிக்னல் விழுந்த பிறகும் கிளம்ப மனசில்லாமல் நிற்கும். எல்லோரும் கூடி, இனி சனிக்கிழமை மெதுவான பாட்டுகளே என்று முடிவு செய்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கி ஆதரித்தது ஹேஸல் ஆன்ட்டி. அவருடைய ஒரே மகன் ரோலண்ட்தான் சனிக்கிழமை சாயங்கால எக்ஸ்பிரஸை ஓட்டுகிறவன். வண்டி அசைந்து அசைந்து வந்து நின்றதும் ஆன்ட்டி ஆட்டத்தை விட்டுவிட்டு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு இன்ஜினுக்கு ஓடுவார். ரோலண்ட் நின்றபடியே மஞ்சள் சோறும் கறி உருண்டை போட்ட கோஃப்தாக் குழம்பும் சாப்பிட்டு, கையைத் துடைத்து, அம்மாவிடம் இரண்டு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு ஏறுவான். வாரத்தில் அவனை அவர் பார்ப்பது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிளாட்பாரம் செழித்தது, தரை நொந்தது. ஒரே வேகத்தில் பாட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சொன்னாலும் கேட்பாரில்லை. தண்ணீர்க்குடம் சுமந்து நடக்கிற மாதிரி ஆடினார்கள், ஆடிக்கொண்டே ரேஷன் கடை விஷயம் பேசினார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை ரோலண்ட் யூனிஃபார்மோடு ஹாலுக்கு வந்தான். ஆன்ட்டியும் நானும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். உட்காராமலே சொன்னான்.

"மம்மி, வர்ற சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் என்கூட இன்ஜின்ல வர்றார். மூணு மாசமா கரட்டூர் தாண்டும்போது மட்டும் வண்டி லேட்டாகுது, ஏன்னு பாக்கப்போறாங்க. அன்னைக்கும் லேட்னா என்னை இன்ஜின்லேர்ந்து இறக்கிருவாங்க. அப்புறம் யார்டுல பெட்டி தள்ற வேலைதான், ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

"காரணத்தச் சொல்லலியா நீ?"

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? எங்கம்மா மெதுவா ஆடுறாங்கன்னா?"

ஆன்ட்டி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இன்ஜினைத் தவிர வேறு எதன்மேலும் ஆசைப்படாத பையன் அவன். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால்கூட, மற்றவர்கள் மலையும் சூரியனும் வரையும்போது, இன்ஜினின் உள்பக்கத்தை வரைந்தவன். அவன் போன பிறகு ஆன்ட்டி கையிலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டெல்ஃபி, அவன் வண்டியப் புடிச்சு நிறுத்தினது நான்தான். சோத்தக் காட்டி நிறுத்தியிருக்கேன்."

வியாழக்கிழமை ஹாலில் கூட்டம் கூடியது. ஒரு வாரம் ஆட்டத்தையே விட்டுவிட்டால் என்ன என்று சோலையப்பன் கேட்டார். கூடாது என்று சங்கரலிங்கம் தலையை ஆட்டினார்.

"பெரிய சனிக்கிழமையை மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய நாள் காலனியில் ஆடுவது வழக்கமில்லை என்று ஹாலைப் பூட்டிவிட்டோம், அன்றைக்குப் பாலத்துக்கும் வளைவுக்கும் நடுவில் இருந்த வண்டிகளெல்லாம் இருந்த இடத்தில் நின்றுவிட்டன. பாட்டை மட்டும் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. பாதிரியாரே வந்து, பயணிகள் குழந்தை குட்டியோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆடித்தான் ஆகவேண்டுமென்றால் ஆடுங்கள் என்று சொல்ல, அந்த நேரத்துக்கு அகப்பட்டது மாஸ்டரும் சோலையப்பனும்தான். இருவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆட, வண்டிகள் இரண்டு பேர் ஆடுகிற அளவுக்கு, ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தன. வண்டி கேட்பது பாட்டை அல்ல, பாட்டில் இறங்கிய கால்களை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆகவே எக்ஸ்பிரஸ் எக்ஸ்பிரஸாகப் போகவேண்டுமென்றால் ஹால் நிறைய ஆட்கள் வேண்டும், எல்லோரும் வேகமாக ஆடவேண்டும், பாலத்திலிருந்து வளைவு வரைக்கும் விடாமல் ஆடவேண்டும்.

"அப்ப என் வடைய யாரு திங்கிறது? வண்டி சும்மா வந்து தொட்டுட்டுப் போயிரும்" என்றார் பஞ்சவர்ணம்.

"ஒரு நாள்தானக்கா" என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு ஒரு நாளும்பீக. அப்புறம் அந்த இன்ஸ்பெக்டரு ருசி கண்டுக்கிட்டு வாராவாரம் வந்தா?" அவர் ஆன்ட்டியைப் பார்க்காமல் எழுந்து போனார். போகும்போது வாசலில் நின்று, "கிழடு கட்டைகள வச்சு எக்ஸ்பிரஸ் ஓட்டப் போறாகளாம்" என்றும் சொன்னார். அது பொய்யில்லை. தரையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறவர்கள்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பாட்டுத் தேர்ந்தேன். அறிவில்லாதவர்கள் செய்வது, வேகம் வேண்டுமென்றால் இருப்பதிலேயே வேகமான பாட்டை எடுத்து முதலில் போடுவது. முதல் நிமிஷத்திலேயே கால்கள் பயந்து நாற்காலிக்குப் போய்விடும். படிக்கட்டு கட்டவேண்டும். ஒவ்வொரு பாட்டும் முந்தியதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் வேகம், உடம்புக்குத் தெரியாத அளவு. ட்ரம் அடிப்பவர் முஷ்டியால் குத்துகிற பாட்டுகளை ஒதுக்கினேன், அவை களைப்பாக்கும். பேஸ் வாத்தியம் கனமில்லாமல் ஒரே சீராக நடக்க, ட்ரம்காரர் மேலே துடைப்பத்தால் கூட்டுகிற மாதிரி தொட்டுத் தொட்டுப் போகிற பாட்டுகளை எடுத்தேன். அவை வேகத்தைக் காதுக்குக் காட்டிக்கொடுக்காது. நடுவில் பாடகி வரும் பாட்டு ஒன்று, குரல் வரும்போது ஆட்கள் தங்களை அறியாமல் மூச்சு விடுவார்கள். எல்லாம் சின்னச் சின்னப் பாட்டுகள்.

சனிக்கிழமை ஆன்ட்டி சமைக்கவில்லை. வெறுங்கையோடு, பழைய தோல் அடி வைத்த ஷூக்களைப் போட்டுக்கொண்டு வந்து, தரைக்கு நடுவில் நின்றார். "ஆரம்பி" என்றார்.

முதல் படி, இரண்டாவது படி. பாலத்தில் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டது என்று மாஸ்டர் போனில் சொன்னபோது ஹால் முழுக்கச் சூடு பிடித்திருந்தது. மூன்றாவதில் சோலையப்பன் ஆன்ட்டியைச் சுழற்றிவிட்டுத் தவறாமல் பிடித்தார்; தபால்காரர் தன் மனைவியோடு கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசாமல் ஆடினார். தரை வழியாக, உள்ளங்கால் வழியாக, வண்டி வருவது எல்லோருக்கும் தெரிந்தது, உண்மையான எக்ஸ்பிரஸ், மூன்று மாதமாக நாங்கள் மறந்திருந்த அந்த நடுக்கம். நாலாவது பாட்டில் பாடகி வந்தார், மூச்சு வந்தது. ஐந்தாவது பாட்டு தொடங்கியதும் முதல் ஜோடி கையைத் தூக்கிவிட்டு நாற்காலிக்குப் போனது. பிறகு இன்னொரு ஜோடி. பிறகு மூன்று ஜோடிகள் ஒன்றாக. படிக்கட்டைச் சரியாகத்தான் கட்டியிருந்தேன், ஆனால் அதில் ஏறுகிறவர்களின் முழங்காலை நான் கட்டவில்லை.

டெலிபோன் அடித்தது. "மேடம், அவுட்டர் சிக்னல்கிட்ட வண்டி தளருது. தளருது மேடம்."

நான் தரையைப் பார்த்தேன். மிச்சம் நின்றது ஆறேழு ஜோடி. ஆன்ட்டியின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு துடிக்க, ஆனால் கால் ஒரு தாளத்தையும் விடவில்லை. சோலையப்பன் அவரைப் பிடித்திருந்தாரா, அவர் சோலையப்பனைப் பிடித்திருந்தாரா என்று சொல்ல முடியாது. வாசலைப் பார்த்தேன். தலையில் வடைக்கூடையோடு பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் டீக்காரர், சுண்டல்காரர், பூக்காரி, எல்லோரும். வண்டி தளர்ந்த செய்தி பிளாட்பாரத்துக்குப் போய், இனி மெதுவாகத்தான் வரும், வியாபாரம் நமக்குத்தான் என்று எட்டிப் பார்க்க வந்திருந்தார்கள்.

எங்கள் காலனியில் 'எக்ஸ்க்யூஸ் மீ டான்ஸ்' என்று ஒன்று உண்டு. அது அறிவிக்கப்பட்டால் யாரும் யாருடைய தோளையும் தட்டி, அவர் ஜோடியைத் தான் வாங்கிக்கொள்ளலாம். தட்டப்பட்டவர் மறுக்காமல் விலகவேண்டும். இளவட்டங்கள் வம்புக்காக வைத்துக்கொண்ட வழக்கம். நான் மைக்கை எடுத்து, பாட்டை நிறுத்தாமலே, அதை அறிவித்தேன். அறிவித்தது தரையில் இருந்தவர்களுக்கல்ல.

பஞ்சவர்ணம் ஆன்ட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூடையை இறக்கி மேடை விளிம்பில் வைத்தார், சேலையைத் தூக்கிச் சொருகினார், நேராகப் போய்ச் சோலையப்பன் தோளில் தட்டினார்.

"தள்ளுங்கண்ணே. ஆடுறீகளா, சாமி வந்திருக்கா?"

ஆன்ட்டியின் கைகளை அவர் பிடித்ததும் டீக்காரர் டீத் தூக்குவாளியைக் கீழே வைத்தார். சுண்டல்காரர் தபால்காரர் மனைவியை வாங்கிக்கொண்டார். பூக்காரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாதிரியாரைத் தட்டி எழுப்பி, இன்னொரு ஜோடியிலிருந்து ஒருவரையும் இழுத்து, மூன்று பேராக ஆடத் தொடங்கினார். தினமும் ஓடுகிற வண்டியோடு கூடவே ஓடிப் பழகிய கால்கள் அவை. அந்த வேகம் அவர்களுக்கு ஒன்றுமேயில்லை. நான் ஆறாவது படியை எடுத்துப் போட்டேன். தரை அதிர்ந்தது.

எக்ஸ்பிரஸ் உள்ளே வந்தது. விற்பதற்கு ஒரு ஆள் இல்லாத பிளாட்பாரத்தில், ஜன்னல்களில் கைகளை நீட்டியபடி பயணிகள் பார்த்திருக்க, நிற்கவேண்டிய நேரம் மட்டும் நின்றது. ஹாலின் ஜன்னலுக்கு நேரே இன்ஜின். ரோலண்ட் தலையை வெளியே நீட்டி, அம்மா எப்போதும் நிற்கிற விளக்குக் கம்பத்தடியைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"போ ஆன்ட்டி, பிள்ளையப் பாத்துட்டு வா. உன் ரெண்டு காலுக்கும் சேத்து நான் ஆடுறேன்" என்றார் பஞ்சவர்ணம்.

ஆன்ட்டி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"அவனப் பாத்தா சோறு குடுக்கத் தோணும். ஆடு."

ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முகம் ஜன்னல் பக்கம் வரும்போது ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார், முதுகு வரும்போது திறந்தார். வண்டி கிளம்பியதைக் கண்ணால் பார்க்காத ஆள் அந்த ஹாலில் அவர் ஒருவர்தான், காலால் முதலில் அறிந்தவரும் அவர்தான்; அந்த நொடியில் ஆன்ட்டியின் பிடி இறுகியதைப் பஞ்சவர்ணம் பிறகு சொன்னார். ஏழாவது பாட்டின் வேகத்தில் எக்ஸ்பிரஸ் கரட்டு வளைவைத் தாண்டியது. "ரைட் டைம்" என்றார் மாஸ்டர் போனில். பிறகு, அது அலுவலகப் பேச்சுக்குப் போதாது என்று தோன்றியதோ என்னவோ, "ரைட் டைம் மேடம், ரைட் டைம்" என்றார் மறுபடியும்.

சுவரோரம் சாய்ந்தும் தரையிலேயே உட்கார்ந்தும் மூச்சு வாங்கினார்கள். விற்காத வடைக்கூடையைப் பஞ்சவர்ணம் நடுவில் இழுத்துவைத்தார், "ஆறிப்போச்சு, ஆனா ஆடினவுகளுக்கு ஆறினதும் சுடும்" என்றபடி. தின்றுகொண்டிருக்கும்போது ரோலண்டின் அழைப்பு வந்தது. ஆன்ட்டி எண்ணெய்க் கையோடு என் போனை வாங்கிக் காதில் வைத்தார், எல்லோரும் கேட்கட்டும் என்று நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"மம்மி, இன்ஸ்பெக்டர் இறங்கிப் போயிட்டார். வண்டில குறையில்ல, என்மேலயும் இல்லைன்னுட்டார். ஆனா பாலத்துலேர்ந்து வளைவு வரைக்கும் அவர் கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு மம்மி. அவருக்கே தெரியல."

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"வாங்கிச் சாப்பிடு. இனிமே லீவு போட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடு, மனுஷன் மாதிரி." போனை என்னிடம் நீட்டிவிட்டு ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். "டெல்ஃபி, பையனுக்கு ஆடினது போதும். எனக்கு ஒண்ணு போடு."

"மெதுவாவா, வேகமாவா ஆன்ட்டி?"

"அத என்கிட்டக் கேக்கவா உன்னை வச்சிருக்கோம்?"

அடுத்த வண்டி வர நேரம் இருந்தது. பாலத்துக்கும் வளைவுக்கும் நடுவே எந்தச் சக்கரமும் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்: பவுடரும் வடைத் துணுக்கும் மிதிபட்டுக் கிடந்தன, பாதங்கள் பாதிக்குமேல் வெறும் பாதங்கள், தபால்காரர் மனைவி கட்டைவிரலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், சோலையப்பன் எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார், பஞ்சவர்ணம் சொருகிய சேலையை இன்னும் இறக்கவில்லை. நடுத்தரமான நடையில், ட்ரம்காரர் மரக்கட்டையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிற பாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டேன். மூன்றாவது தட்டுக்குள் எல்லோரும் எழுந்திருந்தார்கள்.